கயலுக்கு, ஏசி விஷயமாக

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் நலம். தென்காசியில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலியும் கூடவே ஆரம்பித்துவிட்டது, அது வருஷா வருஷம் உள்ளதுதான். போனில் எதைச் சொல்ல வந்தாலும் "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதி அனுப்புகிறேன். நிதானமாகப் படி. ஏசி விஷயம்தான், வேறொன்றுமில்லை.

ஈபி கனெக்‌ஷன் இன்னும் என் பேரில் இருப்பதால் ரீடிங் எடுத்தவுடன் மெசேஜ் எனக்குத்தான் வருகிறது. போன வருஷம் இதே சித்திரை, வைகாசிக்கு 420 யூனிட். இந்தத் தடவை 760. 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு விலை ஏறுவதோடு கீழே கிடைக்கிற சலுகையும் குறைந்துவிடும் என்று உனக்குத் தெரியும், நீதான் எனக்கே அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தாய். மெசேஜ் வந்த அன்றே கட்டிவிடுகிற பெண் நீ. இந்தத் தடவை கடைசித் தேதி வரைக்கும் பார்த்தேன், அப்புறம் நானே கட்டிவிட்டேன். திருப்பி அனுப்ப வேண்டாம்.

நம் மிஷின் ஒன்றரை டன், கம்ப்ரசர் ஓடுகிற நேரத்தில் மணிக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் இழுக்கும். ராத்திரி மட்டும் ஓடினால் இத்தனை யூனிட் வராது. சரி, ஃபில்டர் அடைத்திருந்தாலும் யூனிட் ஏறும்தான். காற்று உள்ளே போக வழியில்லாமல் அறை குளிர நேரமாகும், கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் காரணமாக இருக்கும் என்று இரண்டு நாள் என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் ஏசி பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் பூராவும் கோடையில் "பெட்டி குளிரவில்லை" என்று வருகிற புகாரில் பாதிக்கு மேல் ஃபில்டர்தான். கம்ப்ரசரை மாற்று, கேஸ் போடு என்று புதுப் பையன்கள் ஓடுவார்கள், நான் முதலில் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், அந்தப் பக்கம் தெரியாது. அதனால் நீயும் முதலில் அதைச் செய். முன் மூடியைத் தூக்கி இரண்டு ஃபில்டரையும் உருவி, வெளிப்பக்கத்துத் தூசி உள்ளே ஏறாதபடி பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவு. சுடுதண்ணீர் வேண்டாம், வலை நெளிந்துவிடும். வெயிலில் போடாதே, நிழலில் காயட்டும், ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். ராத்திரி மட்டும் ஓட்டினால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். பகலிலும் ஓடுகிறது என்றால் வாரா வாரம் கழுவ வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு நான் கூப்பிட்டபோது "ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கேன்ப்பா, சாயங்காலம் கூப்பிடறேன்" என்றாய். அந்த அரை நிமிஷத்தில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஒரு சின்னக் கிறீச், அப்புறம் ஒரு டக், மறுபடி கிறீச். அறைக்குள் இருக்கிற இன்டோரில் இடது ஓரம் ப்ளோயர் சுற்றுகிற புஷ் தேய்ந்தால் வருகிற சத்தம் அது. நம் வீட்டு மிஷினில் அந்த டக் கொஞ்சம் தாமதமாக விழும், வேறெந்த மிஷினிலும் அப்படி விழுந்து நான் கேட்டதில்லை. புஷ் சின்னச் சாமான், விலையும் பெரிதில்லை, ஆனால் அப்படியே விட்டால் ப்ளோயர் ஆடி ஆடி மோட்டாரையும் கெடுத்துவிடும். அதற்காகத்தான் சொல்கிறேன். நான் வேறெதுவும் கேட்கவில்லை. அம்மாவிடமும் சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

16-ல் வைத்து ஓட்டாதே. இது இன்வெர்ட்டர் மிஷின் இல்லை, 16 வைத்தாலும் 24 வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும், எங்கே வந்து நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம். 16-க்கு நம் அறை எந்தக் கத்திரியிலும் இறங்காது, அதனால் அது நிற்கவே நிற்காது. 2020-லிருந்து புது மிஷின் எல்லாம் 24-ல்தான் ஆன் ஆக வேண்டும் என்று அரசாங்கமே விதி போட்டிருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் நூற்றுக்கு ஆறு பங்கு கரன்ட் மிச்சம் என்பது அவர்கள் சொல்கிற கணக்கு. 26-ல் வைத்து மேலே ஃபேனை இரண்டில் போட்டுக்கொள். பகலில் மேற்குப் பக்கத்து ஜன்னலில் திரை போடு, ஆச்சி சேலை ஒன்று பரணில் பச்சை டிரங்குப் பெட்டியில் இருக்கும், அதை இரட்டையாக மடித்துக் கட்டினாலே போதும். மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் சூடு குறையும், பிசுபிசுப்பு கூடும். அந்த நேரத்தில் கூல் மோடு வேண்டாம், டிரை மோடில் போடு. முடிந்தால் அணைத்துவிட்டு, வெளியே போய் கொஞ்சம் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வா. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதே.

இனி வெளியே இருக்கிற அவுட்டோர் பெட்டி. கொட்டிவாக்கத்தில் வீடு வாங்கும்போதே நான் பயந்தது இதற்குத்தான். கடலுக்கு இத்தனை பக்கத்தில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடும். போன பொங்கலுக்கு வந்தபோது பின்பக்கத்துத் தகட்டில் விரல் வைத்தேன், வெள்ளைப் பொடியாக உதிர்ந்து நகத்தில் ஒட்டிக்கொண்டது, தடவின இடத்தில் தகடு பல் போன சீப்பு மாதிரி நின்றது. தகடு போனால் சூடு வெளியே போகாது. மாதம் ஒரு தடவை ஏசிக்கு வருகிற கரன்டை நிறுத்துகிற எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, வெறும் குழாய்த் தண்ணீரை மெதுவாக மேலிருந்து கீழாக ஊற்றிக் கழுவு, உப்பு கரைந்து போய்விடும். சோப்பு வேண்டாம். சர்வீசுக்கு வருகிறவன் ஆசிட் பாட்டிலை எடுத்தால் விடாதே, பளபளவென்று ஆகும், அடுத்த வருஷம் கேஸ் சுற்றுகிற காயில் குழாய் ஓட்டையாகும். பிரஷர் பம்பால் வேகமாக அடித்தாலும் தகடு மடங்கிவிடும். ஜன்னலுக்கு வெளியே எக்கிக் கழுவாதே, பால்கனியிலிருந்து கை எட்டுகிற அளவுக்குப் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அது உட்கார்ந்திருக்கிற ஆங்கிளையும் பார், துரு பிடித்து போல்ட் தலை கரைந்திருந்தால் உடனே சொல்.

கேஸ் விஷயத்தில் ஏமாறாதே. வருகிறவன் எல்லாரும் முதலில் சொல்வது "கேஸ் குறைஞ்சிருக்கு மேடம்" என்பதுதான். மூடின குழாய்க்குள் சுற்றுகிற கேஸ், ஓட ஓடத் தீர்ந்துபோகிற பெட்ரோல் இல்லை அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் மேலே மேலே போட்டால் இரண்டு மாதத்தில் மறுபடி வருவான். நைட்ரஜன் அடைத்து, சோப்பு நுரை வைத்து இணைப்புகளைப் பார்த்து, ஓட்டையை அடைத்து, வேக்குவம் போட்டு, எடை பார்த்துத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். நம் மிஷின் 2013-ல் வாங்கினது, நீ பிளஸ் டூ எழுதின வருஷம். அதில் இருப்பது ஆர்-22. ஓசோன் காரணமாக அதை 2030-க்குள் நிறுத்தப் போகிறார்கள், இப்போதே விலை கூட. ஆர்-22 கிடைக்கவில்லை, ஆர்-32 போட்டுத் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் கதவைச் சாத்திவிடு, அது தீப்பிடிக்கக்கூடிய கேஸ், அதற்கென்று செய்த மிஷினில்தான் போடலாம். காயிலில் ஐஸ் கட்டினால் மட்டும் பயப்படாதே. அணைத்துவிட்டு வெறும் ஃபேனில் உருக விடு, ஃபில்டரைக் கழுவு. அதற்கப்புறமும் கட்டினால் கேஸ் சந்தேகம்.

இதற்குப் பதில் புதுசு வாங்கிவிடலாமே என்று உனக்குத் தோன்றும். உண்மையில் வாங்க வேண்டிய நேரம்தான், ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் வந்தால் யூனிட் நன்றாகக் குறையும். ஆனால் தவணையில் இப்போது எதையும் எடுக்காதே. இந்த வருஷம் வேண்டாம். இந்த மிஷினை நான் இன்னும் இரண்டு கோடை ஓட்டிக் காட்டுகிறேன். வேண்டுமென்றால் எங்களிடம் இருக்கிறது, அம்மா பேரில் உள்ள டெபாசிட் ஐப்பசியில் முடிகிறது, அது சும்மாதான் கிடக்கிறது. ஏசிக்கு என்றுதான் இல்லை. எதற்கு வேண்டுமானாலும்.

ஆடியில் மேல்காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும், அப்போது ஃபில்டர் வாரம் ஒரு தடவை. சாயங்காலம் இடி மழை வந்தால் ரிமோட்டில் அணைத்தால் போதாது, எம்சிபியை இறக்கு. அணைத்த கையோடு மறுபடி போடாதே, மூன்று நிமிஷமாவது கழியட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வெளியே மழை, உள்ளே சுவரில் தண்ணீர் வடிகிறது என்று பயந்து போன் செய்தாயே ஒரு தடவை, அது டிரெயின் பைப்பில் பாசி அடைத்தது. புழுக்க நாளில் இந்த மிஷின் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே தண்ணீர் இறக்கும், பைப் அடைத்தால் அது சுவரில்தான் வரும். பைப் முனையில் வாய் வைத்து ஊதாதே, சைக்கிள் பம்ப் போதும். புயல் என்று அறிவித்தால் அவுட்டோர் மேல் இருக்கிற பூந்தொட்டி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்துவிடு. 2016 வர்தாவில் எதிர் பிளாக்கில் நடந்தது ஞாபகம் இருக்கும். தீபாவளிப் புகைக்கும் போகிப் புகைக்கும் மறுநாள் ஃபில்டர் கழுவ வேண்டும். மார்கழியில் தேவைப்படாது, ஆனாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கால் மணி நேரம் ஓடவிடு, புறா கூடு கட்டாமல் பார்த்துக்கொள். பல்லி உள்ளே போய் போர்டில் ஒட்டிச் செத்தால் மொத்த போர்டும் போய்விடும்.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது யார்டுக்குக் கூட்டிப் போனேன். கம்ப்ரசர் சத்தத்தைக் கேட்டுவிட்டு "அப்பா, இது மூச்சு வாங்குது" என்றாய். எங்கள் போர்மேன் அதைக் கேட்டு நின்றுவிட்டார், திறந்து பார்த்தால் வால்வு போயிருந்தது. அன்றிலிருந்து உன் பேச்சு யார்டில் எல்லார் வாயிலும் இருந்தது. அப்படிப்பட்ட பெண்ணுக்கு ஃபில்டர் கழுவச் சொல்லி நான் எழுத வேண்டியிருக்கிறதே என்று கொஞ்சம் கோபமும் இருக்கிறது. அம்மாவிடம் பேசி எத்தனை நாளாயிற்று? அவள் கேட்டால் "வேலை ஜாஸ்தி" என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பெரியப்பாவுக்கு மில் மூடினபோது வீட்டில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று நீ பார்த்திருக்கிறாய். தினமும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். ஆறு மாதம் யாருக்கும் தெரியாது. நம் வீடு அந்த வீடு இல்லை கயல். அவ்வளவுதான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பொதிகையில் வருகிறேன், சனிக்கிழமை காலையில் எழும்பூர். புஷ் இங்கேயே வாங்கிவிட்டேன், காயில் பிரஷ், ஸ்பேனர் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அம்மா பருப்புப்பொடியும் முறுக்கும் கட்டிக்கொண்டிருக்கிறாள், அவளும் வருகிறேன் என்கிறாள், டிக்கெட் பார்க்கிறேன். அன்றைக்கு மெக்கானிக் யாரையும் வரச் சொல்லாதே. திங்கள், செவ்வாயும் இருப்போம். நீ எங்கேயும் கிளம்பிப் போக வேண்டியதில்லை, எங்களுக்காக எங்கேயும் போகிற மாதிரி கிளம்பவும் வேண்டாம். ஃபில்டரை மட்டும் இன்றைக்கே கழுவிவிடு, கழுவினதும் ஒரு போட்டோ அனுப்பு.

அப்பா