ரசீதுப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள், மாமா

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய மாமாவுக்கு,

உள்ளூர்க் கால்பந்துச் சங்கத்தில் நம் கிளப்பின் பிரதிநிதியாக இத்தனை காலம் இருந்த நீங்கள், இந்த ஆண்டோடு அந்தப் பொறுப்பை விட்டுவிடப் போவதாக அம்மா சொன்னார். "மேலே இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், அவர்களுக்காக நான் ஏன் மாரடிக்க வேண்டும்?" என்று கேட்டீர்களாம். நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பலர் இதையே சொல்லிக்கொண்டிருப்பதால், உங்களுக்குத் தனியாக எழுதியிருக்க வேண்டிய இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் கோபம் நியாயமானது. அதற்காக நீங்கள் விலகுவதை மட்டும் என் மனம் ஏற்க மறுக்கிறது.

அந்தக் கோபத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பது நம் இருவருக்குமே தெரியும். 2015 மே 27 அன்று சூரிக் நகரில், உலகக் கால்பந்தை ஆளும் ஃபிஃபா அமைப்பு தொடர்பான நிர்வாகிகள் ஏழு பேர் கைது செய்யப்பட்டபோது வெளிவந்த அமெரிக்கக் குற்றப்பத்திரிகையில் நம் தென் ஆப்பிரிக்காவின் பெயரும் இருந்தது. 2010 உலகக் கோப்பையை நடத்தும் உரிமையோடு தொடர்புபடுத்தப்பட்ட ஒரு கோடி டாலர், 2008 ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், 6,16,000 டாலர், 16,00,000 டாலர், 77,84,000 டாலர் என மூன்று தவணைகளாக ஃபிஃபாவின் கணக்கிலிருந்து கரீபியன் பக்கம் போயிருந்தது. ஃபிஃபா நம் ஏற்பாட்டுக் குழுவுக்குத் தர வேண்டியிருந்த தொகையிலிருந்து கழிக்கப்பட்ட பணம் அது. சாஃபா எனப்படும் தென் ஆப்பிரிக்கக் கால்பந்துச் சங்கத்தின் அப்போதைய தலைவர் மொலேஃபி ஒலிஃபான்ட் 2008 மார்ச் 4 தேதியிட்டு ஃபிஃபாவுக்கு எழுதிய கடிதம், கரீபியன் தீவுகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கான திட்டம் என்று அந்தத் தொகைக்குப் பெயர் சூட்டி, வட, மத்திய அமெரிக்க, கரீபியன் நாடுகளின் கூட்டமைப்புத் தலைவரே அதை நேரடியாக நிர்வகிக்க வேண்டும் என்று கேட்டது. அந்தத் தலைவர் ஜாக் வார்னர். கடைசித் தவணை மூன்று நாள் கழித்து, மார்ச் 7 அன்று சென்றது.

இது லஞ்சமே அல்ல, சகோதர மக்களுக்குச் செய்த உதவி என்று அரசும் சாஃபாவும் அன்று சொன்னதை நான் மறக்கவில்லை. அந்தக் குற்றப்பத்திரிகையில் தென் ஆப்பிரிக்கர் எவரும் குற்றம் சாட்டப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் ஃபிஃபா செயற்குழுவில் இருந்த சக் பிளேசர், தானும் வேறு சிலரும் 2010 போட்டியை நடத்தும் நாட்டைத் தேர்ந்தெடுப்பதற்காக லஞ்சம் வாங்கச் சம்மதித்ததாக 2013இலேயே அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். உதவி என்றே வைத்துக்கொள்வோம். நம் பெயரில் நம் பணத்தில் செய்த உதவியை, அமெரிக்க வழக்கறிஞர்கள் சொல்லித்தானா நம் ரசிகர்கள் அறிய வேண்டும்? அது எந்த மைதானமாக, எந்தப் பயிற்சிக்கூடமாக முடிந்தது என்று நம் கிளப்புகளுக்கு ஒரு பக்க அறிக்கையாவது வந்ததா? வார்னருக்கு 2015 செப்டம்பரில் ஃபிஃபா வாழ்நாள் தடை விதித்தது. அவர் கையில் போன பணத்தின் கணக்கு மட்டும் நமக்கு வந்து சேரவில்லை.

இதில் என்னை மிகவும் வருத்துவது மண்டேலாவின் பயணம். 2004இல், 2010 போட்டியை எந்த நாடு நடத்துவது என்ற வாக்கெடுப்புக்குச் சில வாரங்களே இருந்தபோது, 85 வயதில் அவர் டிரினிடாட் வரை விமானத்தில் சென்று வார்னரின் விருந்தினராக நின்றார். மே 15 அன்று மொரோக்கோவை 14க்கு 10 என்று நாம் வென்றபோது, அந்தத் தள்ளாத வயதில் அவர் பட்ட பாடு வீண்போகவில்லை என்று நாமெல்லாம் கண்கலங்கினோம். அவருடைய நாணயத்தை முன்னே நிறுத்தி நாம் கேட்ட வாக்குகளில் எத்தனை அவருக்காக விழுந்தவை, எத்தனை வேறு கணக்கில் விழுந்தவை என்பதை இனி எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தை அவர் பெயரின் மீது படியவிட்டவர்களை என்னால் மன்னிக்க இயலாது.

2010 மே 31 அன்று போலோக்வானேயில் குவாத்தமாலாவை நாம் 5-0 என்று வென்ற ஆட்டமும் உங்கள் நினைவில் இருக்கும். கையில் படாத பந்துக்குக்கூட நைஜர் நாட்டு நடுவர் இப்ராஹிம் ஷைபூ பெனால்டி தந்தார் என்று நீங்கள் அப்போதே முகம் சுளித்தீர்கள். நாங்கள் சிறியவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். சிங்கப்பூர்ச் சூதாட்டக்காரர் வில்சன் ராஜ் பெருமாளின் நிறுவனத்துக்கு நடுவர்களை அனுப்பும் வேலையைச் சாஃபாவே விட்டுக்கொடுத்திருந்தது பிறகு தெரியவந்தது. அன்று சாஃபா தலைவராக இருந்த கிர்ஸ்டன் நெமடன்டானிக்கு 2016இல் ஃபிஃபா ஐந்தாண்டுத் தடை விதித்தது. ஷைபூவுக்கு 2019இல் வாழ்நாள் தடை. அந்த நடுவரை யார் தேர்ந்தெடுத்தார்கள், அவருடைய செலவை யார் ஏற்கிறார்கள் என்று சங்கத்தின் அறைக்குள் ஒருவர், ஒரே ஒருவர், உரத்துக் கேட்டிருந்தால் அந்த ஆட்டம் அப்படி நடந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேட்கக்கூடியவர் அறைக்குள் இருக்க வேண்டும் என்பதால்தான் உங்கள் நாற்காலியைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். ரசிகர்களாகிய எங்களுக்கு அங்கே இடமில்லை. நாங்கள் டிக்கெட் வாங்கலாம், சட்டை வாங்கலாம், இணையத்தில் கத்தலாம், வாக்களிக்க முடியாது. அரசு தலையிட்டால் சங்கத்தின் உறுப்புரிமை இடைநிறுத்தப்படலாம் என்பது ஃபிஃபாவின் விதி. 2022 பிப்ரவரியில் ஜிம்பாப்வேயையும் கென்யாவையும் அந்தக் காரணத்துக்காகவே இடைநிறுத்தினார்கள். சாதாரண அமைப்பாக இருந்தால் அமைச்சரிடம் மனுக் கொடுக்கலாம், இங்கே அந்தக் கதவும் பாதி மூடிக்கிடக்கிறது. மேலிருந்து எவரும் திருத்த வரப்போவதில்லை. ஃபிஃபாவில் 211 சங்கங்களுக்கும் ஆளுக்கொரு வாக்கு. 2023 முதல் 2026 வரையிலான சுற்றில் ஒவ்வொரு சங்கமும் 80 லட்சம் டாலர் வரை வளர்ச்சி நிதி பெறலாம். கொடுக்கிற கையைக் கேள்வி கேட்க வாங்குகிற கைக்கு மனம் வருவதில்லை. 2034 உலகக் கோப்பையைச் சவூதி அரேபியாவுக்கு, போட்டியாளரே இல்லாமல், கைதட்டலாலேயே 2024 டிசம்பரில் கொடுத்து முடித்தார்கள்.

மிச்சமிருப்பது கீழேயிருந்து போகும் வழி ஒன்றுதான். கிளப்புகள் உள்ளூர்ச் சங்கத்தின் உறுப்பினர்கள். உள்ளூர்ச் சங்கங்கள் வட்டாரச் சங்கங்களை அமைக்கின்றன. அந்த 52 வட்டாரங்களின் பிரதிநிதிகள்தான் சாஃபா மாநாட்டில் பெரும்பான்மை. 2024 நவம்பரில் அன்றைய சாஃபா தலைவர் டேனி ஜோர்டான் மோசடிக் குற்றச்சாட்டில் கைதானபோது நாமெல்லாம் கொதித்தோம். அவர் அதை மறுத்தார். அதன் மெய் பொய்யை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். 2022இல் அவரை மூன்றாம் முறையாகத் தலைவராக்கியது அந்த மாநாடு என்பதை நாம் யோசிக்க வேண்டாமா? அந்த மண்டபத்தில் கை தூக்கியவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். நம்மைப் போன்ற கிளப்புகளின் கூட்டங்களிலிருந்து படிப்படியாக மேலே போனவர்கள். நீங்கள் விட்டுப்போகும் இடத்தில், கேள்வி கேட்காமல் கை தூக்கத் தெரிந்த ஒருவர் மறுநாளே உட்கார்ந்துவிடுவார்.

இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுத்தந்ததே நீங்கள்தான். நிறவெறி அரசின் வெள்ளையர் சங்கத்தை ஃபிஃபா 1961இல் இடைநிறுத்தியதையும், 1963இல் ஃபிஃபா தலைவர் ஸ்டான்லி ரௌஸ் நேரில் வந்து பார்த்துப் போனபின் தடை நீங்கியதையும், மறு ஆண்டே டோக்கியோவில் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் சேர்ந்து அதை மீண்டும் விதிக்கச் செய்ததையும் கர்ரீஸ் ஃபவுன்டன் மைதானத்தின் படிகளில் உட்கார்ந்து நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1976இல் முழுமையாக வெளியேற்றும்வரை அவர்கள் விடவில்லை. ரௌஸ் கதவைச் சாத்தியபோது, ஃபிஃபா நாறுகிறது என்று அந்த நாடுகள் எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டர்பன் வழக்கறிஞர் ஜார்ஜ் சிங்கும் அவருடைய தோழர்களும் பதில் வராத கடிதங்களுக்குப் பிறகும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள் என்று நீங்கள் சொன்னபோது உங்கள் குரலில் இருந்த பெருமிதத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

உங்கள் ரசீதுப் புத்தகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதின்மூன்று வயதுப் பையன் பதிவுக் கட்டணத்துக்குச் சில்லறையாகக் கொண்டுவரும் ரேண்டுகளை மேசையில் எண்ணி அடுக்கி, நீலக் கார்பன் தாளைச் சரியாக வைத்து, பெயரை முழுதாக எழுதி, மேல் தாளைக் கிழித்து அவன் கையில் கொடுப்பீர்கள். கட்டணத்தில் பாதிதான் கொண்டுவந்தவனுக்கும் அந்தப் பாதிக்கு ரசீது உண்டு. ஆண்டு முடிவில் அடித்தாள்களைக் கூட்டிப் பார்த்து, ஒரு தொகை இடித்தால் இரவெல்லாம் தூங்கமாட்டீர்கள் என்று அத்தை சொல்வார். ஒரு சிறுவனின் காசுக்கு இவ்வளவு பொறுப்பாகக் கணக்கு வைக்கிற மனிதருக்கு, நாட்டின் ஒரு கோடி டாலருக்குக் கணக்குக் கேட்கும் முழு உரிமை இருக்கிறது. அந்த உரிமை உள்ள ஒருவர் வெறுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்தால் நிம்மதியாகத் தூங்கப்போகிறவர்கள் யார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆட்டத்தையே பார்ப்பதில்லை என்று சபதம் எடுத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அது உங்கள் விருப்பம். ஆனால் 2025 அக்டோபரில் எம்பொம்பேலாவில் ருவாண்டாவை 3-0 என்று வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற பிள்ளைகள் அந்தப் பணத்தைத் தொட்டவர்கள் அல்லர். அவர்களில் பலர் 2008இல் பள்ளிச் சிறுவர்கள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இன்னும் ஓர் ஆண்டு அந்தப் பொறுப்பில் இருங்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன், தணிக்கை செய்த கணக்கையும், மேலிருந்து நம் வட்டாரத்துக்கு வந்த நிதி எவ்வளவு, அதில் மைதானங்களுக்குப் போனது எவ்வளவு என்ற விவரத்தையும் எழுத்தில் தரும்படி கிளப்பின் பெயரில் ஒரு கடிதம் கொடுங்கள். நான் அதைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு மாலை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். வாசகம் பிடிக்காவிட்டால் திருத்துங்கள், மற்ற கிளப்புகளின் செயலாளர்களிடமும் காட்டலாம். நம் தெருவுக்கு அடுத்த தெருவில் இருப்பவரே கையெழுத்திடத் தயாராக இருப்பதாகச் சொன்னார், மாமா.

என்றும் அன்புடன்,
உங்கள் அக்காள் மகள்
டர்பன்