பாளையங்கோட்டைக்கு ஒரு சலவை இயந்திரம்

தாம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மதினியின் மணிக்கட்டில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று படித்ததும் விசாலத்துக்கும் எனக்கும் பெரிய நிம்மதியாக இருந்தது. இனித் துணியை முறுக்கிப் பிழியவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்றும், குமரேசன் முன்பக்கம் கதவு வைத்த ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின் ஒன்று வாங்கித் தருவதாகக் கிளம்பியிருக்கிறான் என்றும், அது நம் வீட்டுக்குச் சரிப்படுமா என்று நீ யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறாய். இங்கே எல்லோரும் நலம். பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால் அழுக்குத் துணி இரட்டிப்பாகியிருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு இந்த வீட்டில் சலவை என் பொறுப்பு என்பதால் நீ சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய்.

முதலில் மதினியின் கையை வைத்தே முடிவெடுப்போம். விலை குறைந்த செமி ஆட்டோமேட்டிக்கில் துவைக்கும் தொட்டியிலிருந்து நீர் சொட்டும் துணியை அள்ளிப் பிழியும் தொட்டிக்கு மாற்ற வேண்டும். நனைந்த போர்வையைத் தூக்குவது முறுக்கிப் பிழிவதைவிடக் கைக்கு நல்லது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே அதை விட்டுவிடு. மேலிருந்து துணி போடும் டாப் லோடில் அந்த மாற்றும் வேலை இல்லை, குனியவும் வேண்டாம். ஆனால் ஆழத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் துணியை இழுத்தெடுக்க மணிக்கட்டுக்கு வேலை இருக்கும். ஃப்ரன்ட் லோடில் கதவுக்குக் கீழே ஒரு கூடையை வைத்துத் துணியைச் சரித்துவிடலாம். அது வேகமாகச் சுழன்று பிழிவதால் துணியில் ஈரமும் எடையும் குறைவாகவே இருக்கும். குனிய வேண்டும் என்பது ஒரு குறைதான். அதற்கு உயரமான முக்காலி ஒன்று போதும், மதினி உட்கார்ந்தே எடுக்கலாம்.

அது வேலை செய்யும் விதம் உனக்கு அந்நியமானது அல்ல. படுத்த நிலையில் இருக்கும் டிரம் சுழலும்போது உள்ளே இருக்கும் துடுப்புகள் துணியை மேலே தூக்கி, உச்சியிலிருந்து கீழே விழ விடும். குறுக்குத்துறைப் படித்துறையில் நாம் பார்த்த கல்லில் அடித்துத் துவைக்கும் வேலையைத்தான் இது மெதுவாக, பொத்தானை உடைக்காமல் செய்கிறது. துணி முழுவதும் நீரில் மிதக்க வேண்டிய தேவை இல்லாததால், 7 கிலோ துணி கொள்ளும் இயந்திரம் ஒரு முழுச் சலவைக்கு ஏறத்தாழ 50 லிட்டர் நீரோடு வேலையை முடித்துவிடும். டாப் லோடுகளில் பல அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும். 2019 கோடையில் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வறண்டு, இங்கே தெருவுக்குத் தெரு லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றபோது அந்த வித்தியாசத்தின் அருமை தெரிந்தது. ஆனால் அதே கோடையில் இன்னொன்றும் தெரிந்தது. செமி ஆட்டோமேட்டிக் வைத்திருந்தவர்கள் வாளியில் முகந்து ஊற்றித் துவைத்துக்கொண்டார்கள். ஃப்ரன்ட் லோடு குழாயில் நீர் வந்தால்தான் அசையும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்பு உன் வீட்டுக் குழாயைப் பார்க்க வேண்டும். குமரேசன் வண்ணத்திரை இருக்கிறதா, கைப்பேசியோடு இணையுமா என்றெல்லாம் பட்டியல் போட்டிருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பட்டியலில் தண்ணீரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும் (நீரின் அழுத்தத்தை அளக்கும் அலகுதான் பார்). உன்னுடையது ஒற்றை மாடி வீடு. மொட்டை மாடியில் தொட்டி தரையோடு ஒட்டி இருந்தால், கீழே குளியலறைக் குழாயில் கிடைப்பது 0.3 பாருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். சில மாடல்களுக்கு அதுவே போதும், சிலவற்றுக்கு 0.5 அல்லது 1 பார் வேண்டும். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் குறைந்தபட்ச நீர் அழுத்தம் என்று போட்டிருப்பார்கள். விற்பனையாளரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல். சில நிறுவனங்கள் குழாயை முழுக்கத் திறந்தால் நிமிடத்துக்கு 8 லிட்டராவது வர வேண்டும் என்று கேட்கின்றன. இதை நீயே சோதித்துவிடலாம்: 10 லிட்டர் வாளி ஒன்றேகால் நிமிடத்துக்குள் நிரம்பினால் கவலை இல்லை. நிரம்பாவிட்டால் தொட்டியை ஒரு மேடை கட்டி உயர்த்த வேண்டும், அல்லது சிறிய பிரஷர் பம்பு வைக்க வேண்டும். அந்தச் செலவையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே பார்.

எந்தத் தண்ணீர் என்பது அடுத்த கேள்வி. உன் வீட்டில் தாமிரபரணி நீரும் வருகிறது, போர் தண்ணீரும் இருக்கிறது. இரண்டும் ஒரே தொட்டியில் விழுகின்றனவா, தனித்தனியா என்று பிளம்பரைக் கேள். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த உப்பு நீரில் சோப்புத்தூளின் ஒரு பங்கு அந்த உப்போடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். வெள்ளைத் துணி நாளடைவில் சாம்பல் நிறமாகும். போதாததற்கு, உள்ளே நீரைச் சூடாக்கும் ஹீட்டரின் மேல் சுண்ணாம்புப் படிவு ஏறி, அது சூட்டை நீருக்கு விடாமல் தன்னையே எரித்துக்கொள்ளும். தாம்பரத்தில் எங்களுக்கு வாய்த்தது போர் தண்ணீர்தான் என்பதால் அவ்வப்போது படிவு நீக்கும் தூளைப் போட்டு வெறும் டிரம்மை ஓட்டுகிறேன். உனக்கு ஆற்று நீர் இருக்கும்போது இந்தத் தொல்லையை ஏன் விலை கொடுத்து வாங்குகிறாய்? இயந்திரத்துக்கு ஆற்று நீர்க் குழாயையே கொடு.

மின்சாரத்தைப் பற்றி நீ பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. ஹீட்டர் ஏறத்தாழ 2000 வாட் இழுக்கும் என்பதால் மின்விசிறி மாட்டும் சிறிய பிளக்கில் செருகக் கூடாது. கீசருக்குப் போடுவது போன்ற 16 ஆம்பியர் பிளக்கும், சரியான எர்த்தும் வேண்டும். பழைய வீடு என்பதால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடு. செலவைப் பார்த்தால், டிரம்முக்குள் 15 லிட்டர் நீர் நிற்கிறது என்று வைத்துக்கொள். அதை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும், மோட்டாரையும் சேர்த்தால் ஒரு யூனிட்டை ஒட்டி நிற்கும். சூடில்லாமல் துவைத்தால் அதில் சிறு பங்குதான். குளிர்நாடுகளில் 10 டிகிரி நீரிலிருந்து தொடங்க வேண்டும்; பாளையங்கோட்டையில் சித்திரை மாத மத்தியானம் மாடித் தொட்டி நீர் கைவைக்க முடியாமல் சுடும், சூரியன் இலவசமாகச் செய்துவிடுகிற வேலை அது. கடையில் மின்சிக்கன முத்திரையின் நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல், அதே முத்திரையில் ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நீர் என்று அச்சிட்டிருப்பதையும் படித்துப் பார்.

அளவு 7 கிலோ போதும். குமரேசன் 9 கிலோ என்கிறானாம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லோரும் வந்தால் வேண்டுமே என்று. அந்தச் சில நாட்களுக்காக மீதி நாளெல்லாம் பாதி காலியாக ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தக் கிலோ கணக்கு உலர்ந்த பருத்தித் துணிக்கானது. சிந்தெடிக் துணிக்கு அதில் பாதிதான் போடலாம். பிழியும் வேகம் நிமிடத்துக்கு 1000 அல்லது 1200 சுற்று இருந்தால் போதும். 1400 என்பது வெயில் பாராத ஊர்க்காரர்களுக்கு. உன் மாடியில் கொடி கட்டினால் வேட்டி அரை மணியில் காய்ந்துவிடும், கூடுதல் வேகம் கூடுதல் சுருக்கத்தைத்தான் தரும். ஹீட்டர் இல்லாமல் மட்டும் வாங்காதே. எந்த நிறுவனம் என்று கேட்டிருந்தாய். உன் ஊரிலேயே பழுது பார்க்க ஆள் வைத்திருக்கிற நிறுவனம் எதுவோ அதுவே நல்ல நிறுவனம் என்பேன்.

இறக்கி வைக்கும் நாளில் நீ கட்டாயம் பக்கத்தில் இரு. வண்டியில் ஆடாமல் இருக்க டிரம்மைப் பின்பக்கம் நீளமான போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் இயந்திரம் அறை முழுவதும் குதித்து நடக்கும், உள்ளே முறிவும் ஏற்படும். கழற்றியவற்றைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்து, வீடு மாறினால் மறுபடி வேண்டும். உள்ளே எடைக்காகக் கான்கிரீட் கட்டி வைத்திருப்பதால் அதன் எடை 60 கிலோவுக்கு மேல் இருக்கும். மரப்பலகை மேல் வைக்காதே, சமமான தரையில் வைத்து ரசமட்டம் பார்த்து நான்கு கால்களையும் திருகிச் சரிசெய்யச் சொல். கழிவுநீர்க் குழாயின் முனையைச் சும்மா தரையில் போட்டுவிடக் கூடாது. கையேட்டில் சொன்ன உயரத்துக்கு, பெரும்பாலும் 60 முதல் 100 சென்டிமீட்டருக்குள், தூக்கி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வரும் நீர் தானாகவே வடிந்துகொண்டே இருக்கும், இயந்திரமும் நிரப்பிக்கொண்டே இருக்கும்.

இனிப் பயன்படுத்தும் முறை. நம் வீட்டுப் பெண்களுக்கு நுரை பொங்கினால்தான் அழுக்குப் போனதாக மனம் ஆறும். மதினியிடம் இதை நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். ஃப்ரன்ட் லோடில் நுரை எதிரி. துணி விழும் இடத்தில் நுரை மெத்தையாக நின்றுவிட்டால் அடி விழாது, அழுக்கும் போகாது. நுரையைப் போக்க இயந்திரம் கூடுதலாக அலசி, மிச்சம் பிடித்த நீரைச் செலவழித்துவிடும். எனவே ஃப்ரன்ட் லோடுக்கென்று விற்கும் தூளையே வாங்கு. ஆற்று நீருக்குப் பொட்டலத்தில் சொன்னதைவிடக் குறைவாகவே போடு. வெள்ளைத் துணிக்குத் தூளும் வண்ணத் துணிக்குத் திரவமும் வைத்துக்கொண்டால் நல்லது. தூள்கள் பலவற்றில் கறை வெளுக்கும் பொருள் கலந்திருக்கும், திரவத்தில் பொதுவாக இருக்காது. டிரம்மைத் திணித்து நிரப்பாதே. துணிக்கு மேலே ஒரு கை நுழையும் இடம் இருக்க வேண்டும், மேலே போய் விழ இடம் இல்லாத துணி துவைபடாது.

வேட்டி, துண்டு, படுக்கை விரிப்பு ஆகியவற்றுக்கு 60 டிகிரி வை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் துண்டின் சிக்கு வாடை போக அதைவிட வழியில்லை. இரத்தமோ பாலோ பட்ட துணியை நேரே சூட்டில் போட்டால் கறை இறுகிவிடும், முதலில் பச்சைத் தண்ணீரில் அலசு. மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவந்து பயமுறுத்தும். வெயிலில் காயப்போட்டால் தானே வெளுத்துப்போகும். மதினியின் சுங்குடிச் சேலைகளைத் தனியாகவே நனைக்கச் சொல், சாயம் விடும். பட்டும், ஜரிகை வேட்டியும் இயந்திரத்தின் பக்கமே போகக் கூடாது. கஞ்சி போடுவதென்றால் வெளியே வாளியில் போடுங்கள், உள்ளே ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு முழுப் பருத்திச் சலவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். பதினைந்து நிமிடத்தில் முடிக்கும் சுற்று ஒன்று இருக்கும். அது வியர்வை பட்ட இரண்டு சட்டைக்குத்தான், சமையலறைத் துணிக்கு அல்ல. பாதியில் ஒரு துணியை மறந்தது நினைவுக்கு வந்தால் பெரும்பாலான மாடல்களில் நினைத்தவுடன் கதவு திறக்காது. முடிந்த பின்னும் பூட்டு விடுபட ஓரிரு நிமிடம் ஆகும், இழுக்காதே.

வேலை முடிந்ததும் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பை ஒரு பழந்துணியால் துடைத்துவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடி வைத்தால் அந்த மடிப்பில் கரும்பூஞ்சை பிடித்து, துவைத்த துணியே நாறும். குழந்தைகள் வரும் நாட்களில் மட்டும் அவர்கள் உள்ளே தலை விடாமல் பார்த்துக்கொள். கீழே ஒரு மூலையில் சிறு மூடிக்குள் வடிகட்டி ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை, கீழே தட்டு வைத்துவிட்டுத் திறந்து சுத்தம் செய். சட்டைப் பையில் நீ விட்டுவிடும் சில்லறைக் காசும், ஊக்கும், தலைமுடியும் அங்கேதான் வந்து சேரும். நீர் வடியாமல் நின்று பழுது பார்ப்பவர் வரும் பல வேளைகளில் அவர் செய்வதும் அதைத் திறந்து கழுவுவதுதான்.

குளியலறை வாசலின் அகலத்தையும் அளந்துவிடு. பெரும்பாலான இயந்திரங்கள் 60 சென்டிமீட்டர் அகலம், 85 சென்டிமீட்டர் உயரம். உள்ளே கொண்டுபோன பிறகு அதன் கதவு முழுக்கத் திறக்கவும் முன்னால் இடம் வேண்டும். அந்த அளவையும் வாளி எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்பதையும் எழுதி அனுப்பு. குமரேசன் பார்த்து வைத்திருக்கும் மாடல்களின் பெயர்களையும் சேர்த்து எழுது, கையேடுகளைத் தேடிப் படித்துப் பதில் போடுகிறேன். அதுவரை அவன் முன்பணம் கட்டாமல் பார்த்துக்கொள்.

மதினிக்கு விசாலம் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

என்றும் அன்புடன்,
நெல்லையப்பன்