சேலைப் பிரிவில் நின்று பார்த்தால் சங்கம் வேறு மாதிரி தெரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜவுளிக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட் ஊழியர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் கடைத் தளத்தில் ஒரு ஆடித் தள்ளுபடியைக்கூட அவர் பார்த்ததில்லை என்று தோன்றியது. நான் சேலைப் பிரிவில் நிற்பவள்.

பெரிய ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பலர் வெளியூர்க்காரர்கள். தங்குவது கடை விடுதி, சாப்பிடுவது கடைச் சாப்பாடு. பலருடைய வீட்டில் முன்பணமும் வாங்கியிருப்பார்கள். ஆலைத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தால் சாயந்திரம் தன் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். இந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? விடுதிச் சாவி வார்டனிடம், வார்டனுக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளி. வேலைநிறுத்தத்தைத் தவிர வேறு ஆயுதம் தெரியாத சங்கம் இவர்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?

நான் முன்பு வேலை பார்த்த கடையில் சங்கம் வந்தது. முதல் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வைத்தார்கள். அந்த நேரத்தில் ஜவுளிக்கடையில் மூச்சுவிட முடியுமா? பத்தரைக்கு ஷட்டர் இறங்கும். பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கி முடிக்கப் பதினொன்று ஆகிவிடும். கூட்டத்துக்குப் போக முடிந்தது குடோனிலும் பார்சல் பிரிவிலும் இருந்த ஆண்கள் மட்டும். பொறுப்புகளும் அவர்களுக்கே போயின. கோரிக்கை மனுவில் போனஸ் இருந்தது, லோடு இறக்கும் பேட்டா இருந்தது. கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டியிருப்பது பற்றி ஒரு வரி இல்லை.

சந்தா கட்டிய இரண்டு பெண்களை அடுத்த மாதமே வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள். சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னபோது "பேசிக்கிட்டு இருக்கோம்மா" என்றார். அந்த வருடச் சங்க மாநாட்டு மலரில் எங்கள் கடையின் முழுப்பக்க வாழ்த்து விளம்பரம் வந்திருந்தது. பேச்சு எங்கே போய் முடிந்தது என்று எங்களுக்கும் புரிந்தது. அப்புறம் ஊக்கத்தொகை. எங்களுக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கிடைத்துக்கொண்டிருந்ததை எல்லோருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று மனுவில் எழுதினார்கள். நாள் முழுக்க நின்று விற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது ஒரு கடையின் கதைதானே என்று கேட்கலாம். சரி, டாஸ்மாக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் சங்கம் வலுவாக உள்ள சில்லறை விற்பனைகளில் அதுவும் ஒன்று. 2003 நவம்பரில் அரசே கடை நடத்தத் தொடங்கியது. தொமுச, அண்ணா தொழிற்சங்கப் பேரவை, சிஐடியு, ஏஐடியுசி என்று கட்சிக்கொரு சங்கம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சம்பளத்தை மாதம் 2,000 ரூபாய் கூட்டியபோது கணக்கில் இருந்தவர்கள் 23,629 பேர். இருபது வருடங்களைத் தாண்டியும் அவர்கள் வாங்குவது தொகுப்பூதியம்தான். ஆளுங்கட்சிச் சங்கம் அமைச்சருக்கு எதிராக வாய் திறக்காது. எதிர்க்கட்சிச் சங்கம் ஆட்சி மாறட்டும் என்று காத்திருக்கும். நடுவில் மாட்டிக்கொள்பவர், பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கினார் என்று வசவு வாங்கும் விற்பனையாளர்.

சங்கங்களுக்குப் பெயர்போன கேரளத்திலும் கடைப் பெண்கள் நிலை பெரிதாக வேறில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் வேலை பார்த்த பெண்கள், கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் நின்றார்கள். பெரிய சங்கங்கள் அதைக் கையில் எடுக்காததால், விஜி என்ற தையல் தொழிலாளி 2009 வாக்கில் 'பெண்கூட்டு' என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். பிறகு தனிச் சங்கமே பதிவு செய்தார்கள். கடையில் உட்காரும் உரிமை 2018இல் கேரளத்திலும் 2021இல் தமிழ்நாட்டிலும் சட்டமானதற்குப் பின்னால் அந்தப் பெண்களின் போராட்டம் இருக்கிறது. அதுவும் சங்கம்தானே என்று கட்டுரையாளர் கேட்பார். ஆமாம். ஆனால் கவுண்டரில் நின்றவர்களே நடத்திய சங்கம், எந்தக் கட்சியின் கிளையும் இல்லை.

முதலாளிகள் இதைப் படித்துவிட்டு நகலெடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டாம். சட்டம் வந்த பிறகும் பல கடைகளில் ஸ்டூல் ஒரு மூலையில் கிடக்கிறது, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். எனக்குக் கோபம் அவர்கள் மேலும் உண்டு.

கட்டுரையாளருக்குத் தெரிந்த சங்கத்தார் எங்கள் ஊருக்கு வருவதானால், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். கடை திறக்க ஒன்றரை மணி நேரம் இருக்கும். மேடை, கொடி எதுவும் வேண்டாம். விடுதிப் பக்கத்து டீக்கடை போதும், பேச ஒரு பெண்ணையும் அழைத்து வரட்டும்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை ஊழியர் ஒருவர்,
திருநெல்வேலி
(பெயர் வெளியிட வேண்டாம்)