அப்பா கேட்ட மான் விஷயம்

மேடிசன், விஸ்கான்சின்
டிசம்பர் 2

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

தீபாவளிக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று சித்தியிடம் குறைப்பட்டீர்களாம். தப்புதான். அப்பாவின் கடிதம் மூன்று வாரமாக மேசை மேலேயே கிடக்கிறது. வேலை நன்றாகப் போகிறது. குளிர்தான், காலையில் மைனஸ் 8.

"கிண்டியில் வேலியோரம் நிற்பதையா தின்கிறாய்?" என்று கேட்டிருந்தீர்கள். அது புள்ளிமான், நம்மூரில் தொட்டால் ஜெயில். இங்கே இருப்பது வெள்ளைவால் மான். வேட்டையாட அரசாங்கமே அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. துப்பாக்கி சீசன் 9 நாள்தான், போன ஞாயிறோடு முடிந்தது. சுடுவது பக்கத்து வீட்டுப் பெரியவர்; வீட்டுக்குள்ளும் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றமாட்டார். கறி வெட்ட நான் கூட நிற்பேன். விற்கக் கூடாது, அதனால் சும்மாவே கொடுத்துவிடுகிறார்.

சைதாப்பேட்டைக் கடையில் "கிடாதானே?" என்று அப்பா மூன்று தடவை கேட்பீர்களே, இங்கே நேர்மாறு. கறிக்கென்று போகிறவர் பெட்டையைத்தான் தேடுகிறார். நவம்பர் இணை சேரும் மாசம். பெரிய கொம்பன் தீனியை மறந்து அலைந்து, உடம்பில் கால்வாசி வரை கரைத்துவிடும். கறி நார் நாராக இருக்கும். பின்னங்கால் மூட்டின் உள்பக்கம் ஒரு மயிர்க்கற்றை மூத்திரத்தில் ஊறிக் கருத்திருக்கும். அதில் பட்ட கத்தி கறியில் பட்டால் குழம்பே நாறும்.

ஒன்றரை, இரண்டரை வயசுப் பெட்டைதான் பதம். ஆனால் பெட்டை என்று நினைத்து ஆண் குட்டியைச் சுட்டுவிடுகிறவர்கள் நிறைய. ஆறு மாசக் குட்டிக்குக் கொம்பு வெளியே தெரியாது, தோலுக்கடியில் இரண்டு பொத்தான் மாதிரி இருக்கும். தனியாக, பயமில்லாமல் முதலில் வயலுக்கு வருவது அநேகமாக அதுதான். இரண்டு மூன்று சேர்ந்து வரும்வரை பொறுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டைக்கு மூஞ்சியும் கழுத்தும் நீளம், உடம்பு நீட்டுப் பெட்டி, காதுகளுக்கு நடுவே தலை உருண்டை. குட்டிக்கு மூஞ்சி கட்டை, உடம்பு சதுரம். ஆண் குட்டியானால் உச்சந்தலை தட்டை. குட்டிக் கறி பஞ்சு போல இருக்கும், ஆனால் எலும்பு நீக்கினால் 10, 12 கிலோதான் தேறும். குடல் எடுத்து 45 கிலோ நிற்கும் பெட்டையில் சுத்தக்கறி 20 கிலோ கிடைக்கும்.

ஓடுகிற மானைச் சுடவே கூடாது. மிரண்டு ஓடினது கருத்துக் கடினமாகிவிடும். குறி தப்பி வயிற்றில் பட்டால் குடல் நாற்றம் கறியெல்லாம் ஏறும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சில்தான் பட வேண்டும். மெலிந்து, எச்சில் வடிய நிற்பதை விட்டுவிட வேண்டும். 2002ல் இந்த மாநில மான்களில் ஒரு மூளை நோய் கண்டுபிடித்தார்கள். வேகவைத்தாலும் அது போகாது. நோய் வந்தது கொழுகொழு என்றும் தெரியலாம். அதனால் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை பொட்டலத்தில் நம்பர் எழுதி ஃப்ரீசரில் தனியாக வைப்போம். அம்மா பயப்பட வேண்டாம், நான் சாப்பிடுவது போன வருஷத்தது, சோதித்தது.

மான் கொழுப்பைத் துளி விடாமல் சீவி எறிந்துவிடணும். ஆறினால் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கொழுப்பில்லாத கொத்துக்கறி உதிர்வதால் கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலை மாவு இன்னொரு கை சேர்க்கிறேன். கடைக் கறியே வாங்குவதில்லை, இதுதான் ருசி.

ஞாயிறு ஆறு உருண்டை பொரித்தேன். அம்மா பொரித்தால் எண்ணெய்ச் சட்டியிலிருந்தே மூன்று காணாமல் போகும். இங்கே ஆறும் தட்டில் அப்படியே இருந்தது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தேன், அந்தக் குளிரில், எதற்கென்று தெரியவில்லை.

இருக்கட்டும். அப்பா, கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். பொங்கலுக்கு முன்னால் நாள் வாங்குங்கள். இந்த மாசப் பணம் 10ம் தேதிக்கு மேல்தான் வரும், பேங்கில் ஏதோ தாமதம். அதுவரை சொத்து வரிக்கு மாடி வீட்டு வாடகையை எடுத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸைத் தொடாதீர்கள், அவர்கள் மார்ச்சில் காலி செய்வார்கள் போலிருக்கிறது என்று தங்கச்சி சொன்னாள். அந்தத் திருச்சி ஜாதகம் என்ன ஆச்சு? அவளிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். அம்மா தனியாகக் கேட்டு எழுதவும்.

உங்கள் அன்பு மகன்