பெண்கள் கால்பந்துச் சங்கம்: 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, நாற்காலி போதாமல் படிக்கட்டில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு நான் வாசித்த அறிக்கையில் பாதி, கோல் போஸ்ட்டுக்கு வலை வாங்கிய கதை என்று ஒரு மூத்த உறுப்பினர் குறைபட்டுக்கொண்டார். நியாயம்தான். இந்த முறை வரவு செலவு முழுவதையும் பொருளாளரிடமே விட்டுவிட்டேன். அவர் எனக்குப் பிறகு வாசிப்பார். நான் ஒரு நோட்டைப் பற்றிப் பேசப்போகிறேன்.

சங்கத்து அலமாரியில் நீல அட்டை போட்ட இருநூறு பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. இந்தியப் பெண்கள் அணியின் வரலாற்றை எழுதி வைக்க வாங்கியது. நம் கோல்கீப்பர்தான் அதற்கு எழுத்தர். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள், கையெழுத்து அழகு. இந்தியப் பெண்கள் கால்பந்துக்கென ஒரு கூட்டமைப்பு உருவான 1975இலிருந்து ஆண்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள். தொடக்கப் பக்கங்களைப் படித்தால் நமக்கே ஆச்சரியமாக இருக்கும். 1980 ஜனவரியில் ஆசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி கோழிக்கோட்டில் நடந்தது. இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது; அவற்றில் ஒன்று ஆசியாவிலேயே இரண்டாமிடம் பெற்றது. 1981இல் ஹாங்காங்கில் மூன்றாமிடம். 1983இல் பாங்காக்கில் இறுதி ஆட்டம் வரை போய்த் தாய்லாந்திடம் தோற்று மறுபடியும் இரண்டாமிடம். அதே ஆண்டு சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் கால்பந்து ஆட்டக்காரர் அவர். இவ்வளவும், பெண்கள் ஆட்டம் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் கீழ் வருவதற்கு முன்பே நடந்தவை. சம்மேளனத்தோடு இணைந்தது 90களின் தொடக்கத்தில்தான்.

ஆகஸ்டு மாதம் ஒரு மாலை அந்தப் பிள்ளை நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். 2009ஆம் ஆண்டுக்கு ஒதுக்கிய பக்கத்தில் எழுத அவளுக்கு ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. பதினெட்டு மாதங்களாக ஆடவே இல்லை என்பதால் அந்த ஆண்டு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தன் தரவரிசையிலிருந்து இந்தியாவின் பெயரையே எடுத்துவிட்டது. தோற்றதற்காக அல்ல, ஆடாததற்காக. "அக்கா, இந்தப் பக்கத்தை ஒட்டிவிடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். இந்த அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த வெற்றுப் பக்கம்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் இந்த ஆண்டின் நல்ல செய்தி.

ஜூலை 5, சனிக்கிழமை. பயிற்சி முடிந்தும் ஒருத்தியும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. பயிற்சியாளரின் கைப்பேசியை ஒரு செங்கல் மேல் சாய்த்துவைத்து, அதைச் சுற்றி இருபது தலைகள். தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். எதிரணி தாய்லாந்தே, அதுவும் அவர்கள் ஊரில். அதற்கு முன் மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேவை 4-0, ஈராக்கை 5-0 என்று வென்றிருந்தோம். மங்கோலியாவுக்கு எதிராக ஒடிசாவின் பியாரி சாசா மட்டும் ஐந்து கோல். ஈராக்குக்கு எதிரான ஐந்தில் ஒன்று நம் தமிழ்நாட்டுக் கார்த்திகா அங்கமுத்து அடித்தது. ஆனால் அந்த மூன்று ஆட்டங்களும் சேர்ந்து தீர்மானிக்காததைத் தாய்லாந்து ஆட்டம்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. குழுவில் முதலிடம் பெறும் ஓர் அணிக்குத்தான் இடம்.

முதல் பாதியில் சங்கீதா பாஸ்ஃபோர் ஒரு கோல். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தாய்லாந்து சமன் செய்தது. அங்கிருந்து எங்களுக்கு மூச்சுவிட முடியவில்லை. 74ஆம் நிமிடத்தில் மறுபடியும் சங்கீதா. முழங்கால் காயத்தால் பல மாதம் ஆடாமல் இருந்து திரும்பியவர் அவர். 2-1. கைப்பேசி செங்கல்லிலிருந்து விழுந்தது; யார் தட்டிவிட்டார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. திரைக் கண்ணாடி மாற்றிய செலவைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. கணக்கில் 'இதர செலவு' என்று வருவது அதுதான். யாரும் கேள்வி கேட்க வேண்டாம்.

நான்கு ஆட்டங்களில் 24 கோல் அடித்து ஒரே ஒரு கோல் வாங்கி, 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடக்கும் ஆசியக் கோப்பைக்கு இந்தியா போகிறது. தகுதிச் சுற்றில் ஆடி வென்று போவது இதுவே முதல் முறை. 2003க்குப் பிறகு இந்தியா ஆசியக் கோப்பையில் கால்வைத்தது 2022இல், போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில். அது எப்படி முடிந்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஈரானுடன் 0-0. அடுத்த ஆட்டத்துக்குள் முகாமில் கொரோனா பரவி, களமிறக்கக் குறைந்தது பதின்மூன்று பேர் தேறவில்லை. சீனத் தைபேயுடன், அதாவது தைவானுடன், ஆட வேண்டிய நாளில் போட்டியிலிருந்தே விலகியதாக அறிவிக்கப்பட்டது. ஆடிய ஒரே ஆட்டமும் கணக்கில் சேரவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தில் ஈரான் ஆட்டத்தை எழுதி, மேலே பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறாள் எங்கள் எழுத்தர். அழிரப்பரால் அழிக்கலாம் என்பதால் பென்சிலாம்.

மூத்த அணிக்குப் பிறகு ஆகஸ்டில் இருபது வயதுக்குட்பட்ட அணி யாங்கூனில் மியான்மரை 1-0 என்று வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வயதினருக்கான ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்ட அணி கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் ஒரு கோல் பின்தங்கியிருந்து மீண்டு, உஸ்பெகிஸ்தானை 2-1 என்று வென்று தானும் தகுதி பெற்றது. ஒரே ஆண்டில் மூன்று அணிகள். இந்த மூன்றாவது செய்திதான் நம் பிள்ளைகளை மிகவும் உலுக்கியது. ஏனென்றால் அந்த அணியில் இருப்பவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரே வயது.

இது எப்படி நடந்தது என்று சங்கத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. இந்திய அணியின் பயிற்சியாளர் கிறிஸ்பின் செத்ரியின் கைராசி என்றார் ஒருவர். பெங்களூரில் நீண்ட முகாம் போட்டதால் என்றார் இன்னொருவர். இரண்டும் இருக்கலாம். என் எண்ணம் வேறு. 2017இல் முதல் இந்திய மகளிர் லீக் டெல்லியில் நடந்தபோது இறுதிச் சுற்றில் ஆறே அணிகள். மூன்று வாரத்துக்குள் எல்லாம் முடிந்து, மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஆண்டின் மற்ற நாள்களில் அந்தப் பெண்கள் யாருடன் ஆடினார்கள்? 2023-24இல்தான் சொந்த ஊரில் ஒன்று, எதிரணியின் ஊரில் ஒன்று என்று லீக் மாறியது. 2024-25இல் எட்டு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டம். ஐரோப்பாவில் ஒரு சிறுமி பள்ளி அணியிலேயே இதைவிட அதிகம் ஆடிவிடுவாள் என்பது வேறு விஷயம். ஆனாலும் மூன்று வாரத்திலிருந்து பல மாதங்களுக்கு நீண்டது சின்ன மாற்றமல்ல. சியாங் மாய்க்குப் போனவர்களின் கால்களில் அந்த ஆட்டங்கள் இருந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெற்காசியக் கோப்பையை 2010 முதல் 2019 வரை ஐந்து முறையும் தொடர்ந்து நாமே வென்றோம். அது நமக்குக் கொஞ்சம் மயக்கத்தைத் தந்துவிட்டது என்றே நினைக்கிறேன். 2022இலும் 2024இலும் அரையிறுதியில் நேபாளத்திடம் தோற்றோம். இரண்டு முறையும் கோப்பை வங்கதேசத்துக்குப் போனது. பலமான அணிகளைச் சந்திக்கும்போது கணக்கு வேறாக இருந்தது. 2021 நவம்பரில் மனௌஸ் நகரில் பிரேசிலிடம் 6-1 என்று தோற்றபோது அந்த ஒரு கோலை அடித்தவர் பஞ்சாபின் மனிஷா கல்யாண். நம் நோட்டில் அந்தப் பக்கத்தில் ஆறு கோல்கள் சின்ன எழுத்திலும் அந்த ஒரு கோல் சிவப்பு மையிலும் இருக்கின்றன. எழுத்தருக்கு நடுநிலைமை போதாது, நானும் கண்டிக்கவில்லை.

தமிழ்நாட்டுப் பக்கங்கள் தனியாக நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்குகின்றன. 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு தேசிய சாம்பியன் ஆனது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் வெல்வது எத்தகையது என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும். இருபதுக்கும் மேற்பட்ட முறை அந்தக் கோப்பையை வைத்திருந்த மாநிலம் அது. 2019இல் மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் தேசியக் கோப்பை. கடலூர் இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் போன்றவர்கள் இந்தியச் சட்டை அணிந்தார்கள். இந்துமதி காவல் துறையில் உதவி ஆய்வாளர் என்ற செய்தி, நம் வீடுகளில் பல அப்பாக்களின் மனத்தை மாற்றிய செய்தி. பந்து உதைத்தால் சோறு கிடைக்குமா என்று கேட்டவர்களிடம் காட்ட நமக்கு ஒரு படம் கிடைத்தது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீதம் ஒதுக்கீடு இருப்பதையும் சொல்லத் தொடங்கியிருக்கிறோம்.

இனி நம் சொந்தப் பக்கம்.

நவம்பரில், எழுத்தர் கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால், சங்கத்தின் ஆட்டப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஜனவரியில் இரண்டு ஆட்டம். பிப்ரவரியில் ஒன்று. ஏப்ரலில் கடலூருக்குப் போய் ஆடியது ஒன்று. அதன் பிறகு செப்டம்பர் கடைசி வரை ஒன்றுமே இல்லை. ஐந்து மாதம். நடுவில் தேசிய அணிக்காகக் கைதட்டினோம், கைப்பேசியை உடைத்தோம், இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். நம் பிள்ளைகள் வெளியணி ஒன்றின் முகத்தையும் பார்க்கவில்லை. பயிற்சி தவறவில்லை, அதை மறுக்கவில்லை. வாரம் நான்கு நாள் வட்டம் போட்டுப் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2009இல் டெல்லியில் சம்மேளனத்தில் இருந்தவர்களை நான் எந்த வாயால் குறை சொல்வது?

காரணங்கள் உண்டு. நாம் பயன்படுத்தும் மைதானம் ஒரு பள்ளிக்குச் சொந்தமானது. மே மாதம் முழுவதும் அதைக் கிரிக்கெட் போட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜூனில் திரும்பக் கேட்டபோது, ஆண்கள் ஆடி முடித்த பிறகு ஆறரை மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆறரைக்கு மேல் அங்கே விளக்கு கிடையாது. இதை எழுத்தில் கொடுத்திருக்கிறோம்; பதில் வரவில்லை. ஆனால் மைதானத்தின் மீது மட்டும் பழி போடுவது நேர்மையல்ல. வெளியூர் ஆட்டத்துக்கு அழைப்பு இரண்டு முறை வந்தது. வேன் வாடகை அதிகம் என்று செயற்குழு மறுத்தது. அந்தக் குழுவில் நானும் இருந்தேன், நானும் கையெழுத்திட்டேன். அதே மாதம் ஆண்டு விழாப் பந்தலுக்குச் செலவழித்த தொகை வேன் வாடகையைவிட அதிகம். கணக்கில் அது வரும், கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு என்னும் பள்ளத்தையும் சொல்ல வேண்டும். இந்த ஆண்டும் மூன்று பேர் அதில் நின்றுவிட்டார்கள். தேர்வு முடிந்ததும் வருவதாகச் சொல்லி, பிறகு வரவில்லை. ஒருத்தி வீட்டுக்கு நானும் பயிற்சியாளரும் இரண்டு முறை போனோம். அவளுடைய பாட்டி எங்களுக்கு மோர் கொடுத்து, "வயசுக்கு வந்த பிள்ளை அரை டவுசரோட ஓடறது எப்படிம்மா" என்று கேட்டார். நீளமான கால்சட்டை போட்டுக்கொண்டு ஆடலாம் என்றோம். அது அவருக்குப் புதிய செய்தி. அவள் வரும் ஜனவரியிலிருந்து பயிற்சிக்கு வருகிறாள். மற்ற இருவர் வீட்டிலும் கதவு திறக்கவில்லை. உடை மாற்ற ஓர் அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் மைதானத்தருகே இருந்தால் இந்த மூவரில் ஒருத்தியாவது நின்றிருக்க மாட்டாள் என்று பயிற்சியாளர் சொல்கிறார். நான் அவரை நம்புகிறேன்.

இந்த ஆண்டு நாம் இழந்தவர் ஒருவர். நம் வலைகளைப் பதினோரு ஆண்டுகளாகக் கூலி வாங்காமல் பின்னித் தந்த மீனவப் பெரியவர் அக்டோபரில் காலமானார். ஒரு நாளும் அவர் ஆட்டம் பார்க்க வந்ததில்லை; பந்து வலையில் பட்டால் எந்தக் கண்ணி அறும் என்பது மட்டும் அவருக்கு அத்துபடி. கூட்டம் முடியும் முன் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்போம்.

செயற்குழு சார்பில் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானம் ஒன்றே ஒன்று. 2026இல் மாதத்துக்குக் குறைந்தது இரண்டு வெளி ஆட்டம். மைதானம் கிடைக்காத மாதத்தில் நாம் போவது, கிடைக்கும் மாதத்தில் அவர்களை அழைப்பது. அதற்காக ஆண்டு விழா மேடை, பந்தல், பொன்னாடை மூன்றும் ரத்து. சிறப்பு விருந்தினருக்குத் துண்டுக்குப் பதில் தேநீர். இதில் மனவருத்தம் உள்ளவர்கள் இன்றே பேசிவிடுங்கள். ஜனவரியில் வந்து பேச வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் நம் குழுவில் ஜப்பான், வியட்நாம், சீனத் தைபே. மார்ச் 4, 7, 10 ஆகிய நாள்களில் ஆட்டம். ஜப்பான் உலகக் கோப்பையை வென்ற அணி. 2023இல் நம்மை 7-0 என்று தோற்கடித்தது. பிள்ளைகளிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அந்த ஆட்டம் கடினமாகத்தான் இருக்கும். மூன்று ஆட்டங்களையும் சங்க அறையில் சேர்ந்து பார்ப்போம். கைப்பேசியை இந்த முறை சுவரில் ஆணியடித்து மாட்டுவதாகப் பயிற்சியாளர் உறுதி கொடுத்திருக்கிறார்.

நம் முதல் வெளி ஆட்டம் ஜனவரி இரண்டாம் ஞாயிறு. வேன் காலை ஐந்தரைக்குக் கிளம்பும். ஐந்து முப்பத்தொன்றுக்கு வருகிறவர்களுக்காக நிற்காது. ஸ்டட், ஷின் கார்டு, தண்ணீர் பாட்டில், கட்டுச்சோறு அவரவர் பொறுப்பு. கோல்கீப்பர் மட்டும் நோட்டையும் எடுத்து வரவும்.

பொருளாளர் இப்போது கணக்கை வாசிப்பார். வணக்கம்.

செயலாளர்