சயாம் ரயில் நாடகத்துக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களைப் பற்றி, எங்கள் இடைநிலைப்பள்ளியின் நான்காம் படிவ மாணவர்கள் தாங்களே எழுதி நடித்த நாடகம் பள்ளி மண்டபத்தில் நல்லபடியாக அரங்கேறியது. அதற்குத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி எங்கள் வரலாற்று ஆசிரியருக்கு உரியது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் பாதையை வரைபடத்தில் அடி அடியாகக் காட்டிய அவர், மாணவர்களின் கையெழுத்துப் படியில் ஒவ்வொரு வசனத்தின் அருகிலும் பென்சிலால் 'சான்று' அல்லது 'ஊகம்' என்று குறித்துக்கொடுத்தார். ஊகத்தை அடிக்கச் சொல்லவில்லை. அதை எந்தப் பாத்திரம் சொன்னால் தகும் என்று யோசிக்கச் சொன்னார். சினிமா பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அல்லவா, முதல் வரைவில் கதாநாயகன் தனியாளாகக் காவலர்களை அடித்து வீழ்த்தினான். இறுதி வரைவில் அவன் மழையில் தண்டவாளக் கட்டை சுமந்தான், காலராவில் விழுந்த தோழனுக்கு வெந்நீர் தேடி அலைந்தான்.

நூலகத்தில் மாணவர்களோடு அமர்ந்து பேசிய பெரியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? சிறுவயதில் தந்தையைச் சயாமுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த ஒரு பாட்டி, மாணவிகள் நேர்த்தியாகத் தைத்துவைத்திருந்த கோணி உடையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்நாளில் நூலே கிடைக்காது என்று சொல்லி, சாக்கின் ஓரத்திலிருந்து இழையை உருவி, அதைக்கொண்டே தைத்துக்காட்டினார். புறப்படும் கணவனுக்கு மனைவி சட்டை தைக்கும் காட்சி அதிலிருந்து பிறந்ததுதான். அரங்கில் அதிகம் பேசப்பட்டதும் அதுவே.

தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில், இதே பாதை வேலையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல்லறைக் கற்கள் உள்ளன. சுமார் 90,000 என்று மதிப்பிடப்படும் இறந்துபோன ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு பெயர் வரிசைகூடக் கிடையாது. எனவே, அனுப்பப்படாத கடிதங்களாக மாணவர்கள் எழுதியவற்றில் கற்பனைப் பெயர்களைத் தவிர்த்து, அண்ணன், மாமா, மருமகன் என்ற உறவுகளை மட்டும் வைத்தோம். என்னைக் கேட்டால், நாடகத்தைவிட இக்கடிதங்களே சிறந்தவை.

இவ்வளவு கொடுமையைப் பிள்ளைகள் நடிக்க வேண்டுமா என்று நேரில் வந்து கேட்ட தாயாருக்குத் தனி நன்றி. அதன் பிறகே சாவுகளை மேடையில் காட்டாமல், காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கூப்பிடும்போது பதில் வராத இடைவெளியாக மாற்றினோம். நாடகத்துக்காக வாழைமர நோட்டுகளை (ஜப்பானியர் காலப் பணத்தாள்களின் மாதிரிகளை) அச்சிட்டுத் தந்த பெற்றோர், ஒளியமைப்பைப் பார்த்துக்கொண்ட முன்னாள் மாணவர்கள், மண்டபம் கொடுத்த தலைமையாசிரியர் ஆகியோருக்கும் கடமைப்பட்டுள்ளோம்.

நாடகப் பிரதியும் கடிதத் தொகுப்பும் பள்ளி நூலகத்தில் உள்ளன. பழைய தோட்டப் படங்களை இரவல் தந்தவர்கள் அவற்றை அலுவலகத்தில் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
நாடகப் பொறுப்பாசிரியர்