ஒன்ராறியோவின் தமிழ்க் கட்டட ஒப்பந்தகாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

மின்வேலை, குழாய்வேலை, தச்சுவேலை என்று சொந்தமாகக் கொம்பனி நடத்தும் உங்களிடம், அதே துறையில் நிற்கும் ஒரு எலக்ட்ரிசியனாகக் கேட்கிறேன். அடுத்த முறை அப்ரென்டிஸ் (வேலை பழகுபவர்) எடுக்கும்போது பூர்வகுடிப் பிள்ளை ஒருவருக்கு ஸ்பொன்சராக நில்லுங்கள்.

இதை அரசாங்கத்திடம் கேட்காமல் உங்களிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. பூர்வகுடி மக்களின் தொழிற்பயிற்சிக்கென்று மத்திய அரசின் திட்டம் 2019 முதல் நடக்கிறது. பணத்தை அவர்களுடைய அமைப்புகளே நிர்வகிக்கின்றன. ஆனால் எலக்ட்ரிசியன் லைசன்சுக்கு வேண்டிய 9,000 மணித்தியாலத்தில் வகுப்பறைக்கு 840 மட்டும்தான். மீதி முழுவதும் லைசன்ஸ் உள்ளவருக்குப் பக்கத்தில் நின்று செய்யும் வேலை. முதலாளி ஒருவர் கையெழுத்து வைத்தால்தான் அது தொடங்கும். அந்த முதலாளியைத் தேடிப் பிடிப்பது பிள்ளையின் பாடு.

நம்மில் பலருக்கு அவர் எப்படிக் கிடைத்தார்? மாமாவின் கூட்டாளி, கோயிலில் கண்டவர், ஊர்ச் சங்கத்துக்காரர். எனக்கும் அப்படித்தான். வடக்கே விமானத்தில் மட்டும் போகக்கூடிய ஊரில் பிறந்த பிள்ளைக்கு ரொறன்ரோவில் அப்படி யார் இருக்கிறார்கள்?

அப்புறம், நமது விளம்பரங்களில் 'ஜி லைசன்ஸ் கட்டாயம்' என்று, அதாவது முழுக் கார் லைசன்ஸ் வேண்டும் என்று, போடுகிறோமே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். அந்த ஊர்களுக்கு வருடம் முழுக்கத் திறந்திருக்கும் வீதியே இல்லை. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின் மேல் போகும் பனிப்பாதைதான். கார் ஓட்டிப் பழக எங்கே போவது? முதல் வருட அப்ரென்டிஸ் வேன் ஓட்டத் தேவையில்லை. கம்பி இழுப்பார், பைப் வளைப்பார், பெட்டி பூட்டுவார். அந்த வரியை எடுத்துவிட்டு, காலையில் போகும் வழியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரப் பொடியனுக்கு அதைச் செய்தோம்தானே.

வசந்தத்தில் வாத்து வேட்டைக்கு ஊருக்குப் போகவேண்டும் என்று கிரீ என்ற பூர்வகுடி இனப் பிள்ளை லீவு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அந்தியேட்டிக்கு நாம் கேட்கும் லீவைப் போன்றதுதான் அது; குடும்பமே கூடும் நாட்கள்.

திறமையில் சந்தேகப்படுபவர்களுக்கு: 1886இல் சென் லோறன்ஸ் ஆற்றின் ரயில் பாலத்தில் தொடங்கி, நியூயோர்க் வானளாவிகளின் இரும்பு வரை ஏற்றியவர்களில் மொன்றியலுக்குப் பக்கத்திலுள்ள கானவாகே என்ற ஊரின் மோஹோக் பூர்வகுடித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 1907இல் கியூபெக் பாலம் விழுந்தபோது அந்த ஒரு ஊரைச் சேர்ந்தவர்கள் மட்டும் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் அவர்களுடைய பிள்ளைகள் அதே வேலைக்குப் போனார்கள்.

இன்று வடமேற்கு ஒன்ராறியோவில் 24 பூர்வகுடிச் சமூகங்கள் பங்குதாரர்களாக இருக்கும் வட்டாய்னிகனேயாப் மின்பாதை, டீசல் ஜெனரேட்டரை நம்பியிருந்த ஊர்களுக்கு 1,800 கிலோமீற்றர் நீளத்துக்குப் போயிருக்கிறது. கம்பி வந்துவிட்டது, சரி, வீட்டுக்குள் பழுது வந்தால்? தெற்கிலிருந்து ஒருவர் விமானம் ஏறும்வரை காத்திருக்காமல், லைசன்ஸ் உள்ள ஒருவர் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். அவருடைய 9,000 மணித்தியாலம் உங்கள் வேலைத்தளத்திலும் தொடங்கலாம்.

ரொறன்ரோவில் மிசிவே பீக் என்ற பூர்வகுடி வேலைவாய்ப்பு நிலையம் இருக்கிறது. கோடை வேலைக்கு ஆள் தேடும்போது முதல் அழைப்பை அங்கே எடுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு எலக்ட்ரிசியன்